மீனலோசனி டாக்கீஸில் சாகாதவர்கள்

இதை எனக்கு முதலில் சொன்னது, இந்தக் கதையில் வரப்போகிற கோமதியின் மாமியார் சண்முகக்கனி மதினி. நாலு வருஷத்துக்கு முன்னால், ஆடி மூன்றாம் செவ்வாய், எங்கள் ஊர் மாரிக்குக் கூழ் ஊற்றி முடித்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, கையில் சாம்பலோடு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். மதினி கூட்டியும் சொல்ல மாட்டாள், குறைத்தும் சொல்ல மாட்டாள். அவள் சொன்ன வரிசையிலேயே நானும் சொல்லிவிடுகிறேன்.

நெட்டூரணி என்று ஒரு ஊர், அதில் மீனலோசனி டாக்கீஸ் என்று ஒரே ஒரு கொட்டகை, கொட்டகைக்கு நேர் எதிரே ரோட்டுக்கு அந்தப் பக்கம் செல்லியம்மன் கோயில். அந்தப் பக்கத்து ஊர்களில் தெருவில் ஒரு சாவு விழுந்தால், பிணத்தை எடுக்கிற வரைக்கும் கோயில் நடையைச் சாத்திவைப்பார்கள். கொட்டகை திறந்த முதல் வாரம், மேட்னி ஆட்டத்தில், கோயிலில் விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சரியாக, படத்தில் ஒரு தாய் இருமி இருமிச் செத்துப்போக, அவள் மகன் அழுத அழுகை ரோட்டைத் தாண்டிக் கருவறை வரைக்கும் கேட்டது. பூசாரி உய்க்காட்டான் சூடத்தட்டைக் கீழே வைத்துவிட்டு நடையைச் சாத்திவிட்டார். அம்மன் கண்ணுக்கு எதிரே விழுந்த சாவு சாவுதான், துணியில் விழுந்தால் என்ன, தரையில் விழுந்தால் என்ன என்றார். பிணத்தை எப்போது எடுப்பீர்கள் என்று கொட்டகை முதலாளியிடம் கேட்டார். எங்கே எடுப்பது, நாளைக்கும் அவள் சாவாள், நாளை மறுநாளும் சாவாள், படப்பெட்டி ஊரை விட்டுப் போகிற வரைக்கும் செத்துக்கொண்டே இருப்பாள்.

ஊர் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். மீனலோசனியில் இனி யாரும் சாகக்கூடாது.

அந்த வேலை ஆப்பரேட்டர் ஆவுடையப்பனிடம் வந்தது. படப்பெட்டி பஸ்ஸில் வந்து இறங்கின அன்று காலையிலேயே அவர் சுருளை விரித்து உட்காருவார். சாவு தொடங்குகிற இடத்தில் ஒரு வெட்டு, முடிகிற இடத்தில் ஒரு வெட்டு, இரண்டு நுனியையும் பிளேடால் சுரண்டி ஒட்டினால் தீர்ந்தது. நாலைந்து ஊர் ஓடித் தேய்ந்த பிறகுதான் எந்தப் படமும் நெட்டூரணிக்கு வரும் என்பதால், குறைந்ததை ஒருத்தரும் அளந்து பார்க்கவில்லை. இருபத்தெட்டு வருஷம் இப்படியே நடந்தது. ஒருத்தரைக்கூட நான் சாகவிட்டதில்லை என்று அவர் டீக்கடையில் சொல்லும்போது, ஒரு டாக்டர் சொல்லுகிற மாதிரி இருக்கும்.

ஊரும் பழகிக்கொண்டது. கட்டிலில் கிடந்த தாய் அடுத்த காட்சியில் இல்லாமல் போனால், பெண்கள் பக்கத்தில் ஒருத்தி மற்றவளிடம், மக வீட்டுக்குப் போயிருப்பா என்பாள். மலையுச்சி வரைக்கும் ஓடிக் காணாமல் போன வில்லன்கள் எல்லாம் துபாய்க்குப் போய்விட்டதாகப் பேச்சு. வெளியூரில் வாழ்க்கைப்பட்ட பெண்கள் அங்கே அதே படத்தைப் பார்த்துவிட்டு வந்து, அந்தப் போலீஸ்காரர் செத்துட்டார் தெரியுமா என்றால், உனக்கு எப்பவும் கரிநாக்கு என்று வாயை அடைத்தார்கள். வீட்டு டி.வி.யில் ஆட்கள் செத்தார்கள்தான். ஆனால் டி.வி. அம்மனுக்கு எதிரே இல்லை, தவிர அதில் செத்தவர்கள் மறு நிமிஷமே சோப்பு விற்க வந்துவிடுகிறார்கள் என்று அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

வெட்டின துண்டைக் கொட்டகைக்குள் வைக்கக்கூடாது என்பது பூசாரி போட்ட இரண்டாவது கட்டளை. அதனால் ஆவுடையப்பன் அதைச் சட்டைப்பையில் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவர் பெண்சாதி வள்ளிமயில் பனங்காட்டுக்காரி, ஓலையைக் கண்டால் விரல் சும்மா இராது. படச்சுருளும் ஏறக்குறைய ஓலை அகலத்தில்தான் இருந்தது. மழைக்கு ஊறாது, பூச்சி அரிக்காது. கைநீளத் துண்டுகளாக நறுக்கி அவள் சின்னச் சின்னக் கூடையாகக் கொட்டான் முடைந்தாள். கல்யாணத்துக்கு ஒன்று, வளைகாப்புக்கு ஒன்று, புதுவீடு குடிபோனால் ஒன்று என்று, வாயில் அம்மன் பேரைச் சொல்லிக்கொண்டே முடைந்து கொடுத்தாள். நெட்டூரணியில் அந்தக் கொட்டான் இல்லாத வீடு கிடையாது. உப்பு வைத்தார்கள், வெற்றிலை வைத்தார்கள், வளையல் வைத்தார்கள். வெயிலில் தூக்கிப் பிடித்தால் சிறிசு சிறிசாக முகங்கள் தெரியும், ஒரே முகம் நூறு தடவை. அது யார் முகம், என்ன செய்துகொண்டிருக்கிற முகம் என்று முடைந்தவளும் யோசிக்கவில்லை, வாங்கினவர்களும் கேட்கவில்லை.

பிறகு முதலாளி கண்ணை மூடி, மருமகன் பொறுப்புக்கு வந்து, கொட்டகைக் கூரையில் ஒரு டிஷ்ஷை நட்டான். பழைய இரண்டு மெஷினையும் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். அந்த இடத்தில் பீரோ மாதிரி ஒரு பெட்டி வந்து நின்று உர்ரென்று குளிர்ந்த காற்றை விட்டது. படம் இனிமேல் வானத்திலிருந்து இறங்கும், சாவி போனில் வரும், நேரம் வந்தால் அதுவே ஓடும் என்றான். பூசாரி ரோட்டைத் தாண்டி வந்து, சாவை எப்படி வெட்டுவீர்கள் என்று கேட்டார். வெட்ட முடியாது, பூட்டி அனுப்புகிறார்கள் என்றான் மருமகன். ஆவுடையப்பன் அந்தப் பெட்டியை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு, கத்திரி வைக்க இதில் சதை இல்லை என்று சொல்லி வீட்டுக்குப் போனார்.

முதல் வெள்ளிக்கிழமை மேட்னியில், அந்தத் திரையில் இருபத்தெட்டு வருஷத்துக்கு அப்புறம் ஒரு மனுஷர் செத்தார். கதாநாயகனின் அப்பா, லாரியில் அடிபட்டார். பெண்கள் பக்கத்தில் இரண்டு பேர் தலையை அவிழ்த்துப் போட்டு மாரில் அடித்துக்கொண்டார்கள். எதிரே பூசாரி நடையைச் சாத்தினார், ஆட்டம் விட்டதும் பிணம் எடுத்தாயிற்று என்று திறந்தார். அன்றிலிருந்து தினம் நாலு ஆட்டத்துக்கு நாலு தடவை சாத்தித் திறந்தார். அம்மனுக்கு நேர்ந்துகொள்ள வந்தவர்கள் கொட்டகையில் கேட்டுக்கொண்டு வரவேண்டியதாயிற்று, சாவு முடிஞ்சுட்டா, இன்னும் இருக்கா என்று.

அந்த வெள்ளிக்கிழமை ஆட்டம் முடிந்து கதவைத் திறந்தபோதுதான், உள்ளே போனவர்களோடு ஒருத்தி கூடுதலாக வெளியே வந்தாள்.

பழைய சுருள் வெளுக்கும்போது பச்சையும் நீலமும் முதலில் போய், சிவப்பு மட்டும் மிஞ்சும். அவள் அந்தச் சிவப்பில் இருந்தாள். புடவை சிவப்பு, நரைமுடி சிவப்பு, கண்ணில் வெள்ளை இருக்கவேண்டிய இடமும் செங்கல் கழுவின தண்ணீர் நிறம். இருமினாள். கொட்டகை திறந்த வருஷம் மக வீட்டுக்குப் போன அந்தத் தாய்தான் என்று வயசானவர்களுக்கு உடனே தெரிந்துவிட்டது, அத்தனை வருஷம் கழித்து வந்தவளை வாங்க என்று கூடக் கேட்டார்கள். அவள் யாரையும் பார்க்காமல், வழி தெரிந்தவளைப் போல மூன்று தெரு நடந்து, அரிசி மில்லில் மூட்டை நிறுக்கிற கந்தையா வீட்டு வாசலில் போய் நின்றாள். தம்பி வந்துட்டானா என்று கேட்டாள். அதைத் தவிர வேறு பேச்சு அவளிடம் இல்லை. வெட்டுக்கு முன்னால் அவள் கடைசியாகப் பேசினது அதுதான்.

அதற்கப்புறம் அதே சிவப்பில் ஆட்டத்துக்கு ஒருவராக வந்தார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்ட போலீஸ்காரர், விஷக் குப்பியோடு ஒரு காதலி, ஒட்டுமீசை வைத்த ஜமீன்தார், காய்ச்சல்காரப் பிள்ளை ஒன்று. வந்தவர்கள் ஆளுக்கொரு வீட்டு வாசலைத் தேடிப் போய் நின்றார்கள். சாப்பிடவில்லை, உட்காரவில்லை. அந்தந்த வீட்டுப் பெண்கள் அவர்களைச் சுற்றிக் கோலம் போட்டார்கள், பின்னால் துணி காயப்போட்டார்கள், தண்ணி தண்ணி என்று கேட்டவருக்குச் செம்பில் கொடுத்துப் பார்த்தார்கள், செம்பில் தண்ணீர் குறையவில்லை. பஞ்சாயத்துத் தலைவர், வந்தவர்களுக்கு ரேஷன் அட்டை கிடையாது என்று முன்கூட்டியே தண்டோரா போட்டுவிட்டார். பூசாரியிடம் கேட்டதற்கு, இது சாவும் இல்லை, பிறப்பும் இல்லை, இதற்கு முறை எழுதவில்லை என்றார். ஜமீன்தார் நின்ற வீட்டில் மட்டும், வாசலில் ஆம்பிளை நிற்கிறான் என்று குளிக்கிற இடத்துக்குப் படல் கட்டினார்கள்.

ஒன்பதாம் நாள், கந்தையாவின் அம்மை உலகம்மாளுக்கு இருமல் வந்தது. முந்தின நாள் வரைக்கும் தனியாளாக நெல் அவித்தவள். வாசலில் நின்றவள் எப்படி இருமினாளோ, மூன்று தரம் இழுத்து ஒரு தரம் விட்டு, அப்படியே இருமினாள். தம்பி வந்துட்டானா என்று கேட்டாள். அவளுக்குத் தம்பியே கிடையாது. சாயங்காலம் தலையை இடதுபக்கம் சாய்த்து, கையை அகல விரித்து, யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரிச் செத்துப்போனாள். பிள்ளைகள் அழுதுகொண்டு வெளியே வந்தபோது வாசலில் சிவப்புக்காரி இல்லை. உள்ளே, உப்பு வைத்திருந்த கொட்டான் கண்ணாடி மாதிரி வெளுத்துக் கிடந்தது, ஒரு முகம் இல்லை.

அடுத்தது சைக்கிள் கடை லூர்துசாமியின் தம்பி. நெஞ்சைப் பிடித்தான், விழுந்தான், உடம்பில் ஒரு காயம் கிடையாது. மூன்றாவது விழுந்ததும் ஊருக்குப் புரிந்துவிட்டது. வந்தவர்கள் தங்கள் சாவைத் தேடி வந்திருக்கிறார்கள், அது எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டில் எடுத்துக்கொள்கிறார்கள். அன்றைக்கு மத்தியானத்துக்குள் அத்தனை வீட்டுக் கொட்டானும் வள்ளிமயில் வீட்டு முற்றத்துக்கு வந்து விழுந்தது. நேற்று வரைக்கும் அக்கா என்றவர்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எறிந்தார்கள். முடைஞ்ச கைக்குக் குஷ்டம் வர என்று ஒருத்தி சொன்னாள். அவளுக்கு வளைகாப்புக்கு முடைந்து கொடுத்த கொட்டான் அவள் கையிலிருந்துதான் பறந்து வந்தது. கொட்டான் வந்ததும் பின்னாலேயே அவர்களும் வந்துவிட்டார்கள். ஊரெல்லாம் நின்ற அத்தனை பேரும் அந்த ஒரு தெருவில் வந்து வேலியோரம் வரிசையாக நின்றார்கள், தண்ணி, மாமா, கடிதாசி என்று ஆளுக்கொரு சொல்லை விடாமல் சொல்லிக்கொண்டு.

அந்த வீட்டில்தான், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த கோமதி எட்டாம் மாச வயிற்றோடு இருந்தாள்.

கோமதி வரும்போதே ஒரு கொட்டான் கொண்டுவந்திருந்தாள், கல்யாணத்துக்கு அம்மை முடைந்தது, வளையல் போட்டு வைத்தது. அந்தக் கொட்டானைத் தேடி வந்தவள் ஒரு நிறைசூலி. வீட்டு நடையை மறித்து நின்றாள். முதுகில் ஒரு கை, வயிற்றில் ஒரு கை, அவர் வந்துட்டாரா என்ற ஒரே கேள்வி. கோமதி வாய்த்துடுக்குக்காரி. பயத்தை மறைக்க, நீயும் நிக்க நானும் நிக்கேன், ரெண்டு பேருக்கும் காலு வீங்குது, யாரைக் கேட்டு என்ன செய்ய என்று அவளிடம் பேசுவாள். ஆவுடையப்பன் ஒரு பார்வையில் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். கதாநாயகனின் அக்கா, படம் தொடங்கி அரைமணியில் அவள் பங்கு முடிந்துவிடும். அவளுக்குப் பேர்கூட வைக்கவில்லை, எல்லாரும் அக்கா என்பார்கள், அவ்வளவுதான் என்றார். எப்படிப் போனா என்று வள்ளிமயில் கேட்டாள்.

"பிரசவத்துல," என்றார் அவர்.

வள்ளிமயில் அன்றைக்கு உலை வைக்கவில்லை. மகளை மாமியார் ஊருக்கே கொண்டுபோய்விடுவோம் என்று பஸ் ஏற்றினார்கள். அங்கே இறங்கும்போது, நிறுத்தத்துப் புளியமரத்தடியில் இவர்களுக்கு முன்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள், முதுகில் ஒரு கை, வயிற்றில் ஒரு கை. அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார்கள். கொட்டானைக் கொளுத்திவிடுவோம் என்று ஆவுடையப்பன் முற்றத்தில் வைத்துத் தீக்குச்சி கிழித்தார். ஓரம் சுருண்டதுதான் தாமசம், உள்ளே கோமதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எரியுது எரியுது என்று கத்தினாள். ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள். பிறகு அந்தக் கொட்டானைத் தொட யாருக்கும் கை வரவில்லை.

வழி கிடைத்தது தற்செயலாகத்தான். முற்றத்தில் குவிந்து கிடந்தவற்றை அம்மன் பேரைச் சொல்லி ஒவ்வொன்றாகப் பிரித்தாவது வைப்போமே என்று வள்ளிமயில் ஒரு கொட்டானை அவிழ்த்தாள். வேறு ஒன்றும் செய்ய முடியாத நேரத்தில் விரல் பழகின வேலையைத்தான் செய்யும். துண்டுகளை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். ஒரு கிழவர் ஈசிச்சேரில் சாய்ந்திருந்தார். அடுத்த துண்டில் கை நழுவினது, அதற்கடுத்ததில் கண் மேலே போனது. முடைந்த காலத்தில் ஒரு தடவைகூட இப்படி அவள் பார்த்ததில்லை. பாவமே, ஒருத்தரும் பக்கத்தில் இல்லாமல் போயிருக்காவளே என்று நினைத்து, கடைசிப் படம் வரைக்கும் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். பார்த்து முடித்து நிமிர்ந்தபோது வேலியோரம் அந்தக் கிழவர் உட்கார்ந்திருந்தார், பிறகு சாய்ந்தார், பிறகு அந்த இடம் வெறும் மண்ணாக இருந்தது. கையில் துண்டுகள் கண்ணாடியாக வெளுத்திருந்தன.

"பார்க்க ஆளில்லாமதான் நிக்காவ," என்று அவள் புருஷனிடம் சொன்னாள். "வேற ஒண்ணும் இல்ல. சாவும்போது ஒரு கண்ணு பார்க்கணும். நாம பார்க்கவிடல."

ஆவுடையப்பன் எழுந்து வந்து துண்டுகளை வரிசைப்படுத்த உட்கார்ந்தார், எந்த உதடு எந்த உதட்டுக்கு அப்புறம் என்று அவருக்குத்தான் தெரியும். சேதி பரவினதும், எறிந்தவர்களே தலையைக் குனிந்துகொண்டு வந்து அவரவர் கொட்டானை எடுத்துப் போனார்கள். அடுத்த பதினைந்து நாள் நெட்டூரணியில் வெயில் அடிக்கிற இடத்திலெல்லாம் ஆட்கள் சுருளைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கண்ணை எடுத்தால் முதலிலிருந்து பார்க்கவேண்டும். பால் பொங்கினாலும் எழுந்திருக்கவில்லை. லூர்துசாமி ஒரு கையில் ஜெபமாலை, ஒரு கையில் சுருள் என்று, தெரியாத வீட்டுச் சாவையும் சேர்த்துப் பார்த்தார். வரிசை நாளுக்கு நாள் குறைந்தது. காய்ச்சல்காரப் பிள்ளை போன அன்று தெருவே பட்டினி கிடந்தது.

ஆனால் கோமதியின் கொட்டானை மட்டும் பிரிக்கவில்லை. அதுதான் அவர்கள் செய்த தப்பு, பெற்றவர்கள் யாராக இருந்தாலும் செய்திருப்பார்கள். வாயும் வயிறுமாக ஒருத்தி இருக்கிற வீட்டில், பிரசவத்தில் போகிறவளை உட்கார்ந்து பார்ப்பதாவது என்று ஆவுடையப்பன் தடுத்தார். பூசாரியும் வேண்டாம் என்றார். பிள்ளை பிறக்கட்டும், தீட்டுக் கழியட்டும், அதற்கு மறுநாள் முதல் வேலையாகப் பார்த்துவிடலாம் என்று வள்ளிமயிலும் ஒத்துக்கொண்டாள். தெருவில் மற்றவர்கள் எல்லாம் போய், அவள் ஒருத்தி மட்டும் மிஞ்சினாள்.

குறித்த நாளுக்கு இருபது நாள் முந்தி, ஒரு புதன்கிழமை காலை, கோமதிக்கு வலி கண்டது. ஆம்புலன்ஸ் வந்தது. அன்றைக்குப் பார்த்துச் சண்முகக்கனி மதினி மருமகளைப் பார்க்க வந்திருந்தாள். கோமதியை ஏற்றி, மதினி ஏறி, வள்ளிமயில் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள். அப்போது வாசற்பக்கம் பார்த்தாள். அந்த நிறைசூலிச் சிவப்புக்காரி வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல முழங்காலிட்டுக்கொண்டிருந்தாள்.

வள்ளிமயில் காலைக் கீழே எடுத்தாள்.

"யம்மா, நீ வரலியா?" என்று கோமதி கேட்டாள்.

"நீ போடி, தாயி. எனக்கு இங்க வேலை கெடக்கு."

கோமதி அம்மை முகத்தையே பார்த்தாள், கதவைச் சாத்திவிட்டார்கள். பெற்ற மகளுக்குத் தலைப்பிரசவ வலி கண்டிருக்கும்போது இப்படி ஒரு வார்த்தை சொன்ன தாயை அந்த நேரத்தில் நான் சபித்தேன் என்று மதினி என்னிடம் ஒளிக்காமல் சொன்னாள்.

வள்ளிமயில் முற்றத்தில் உட்கார்ந்து கொட்டானைப் பிரித்தாள். மகளுக்கு என்று ஆசை ஆசையாக நெருக்கி முடைந்தது, முடிச்சு எளிதில் விடவில்லை, நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. ஆவுடையப்பன் வரிசைப்படுத்தினார். வெயில் முற்றத்தை விட்டு நகர, இவர்களும் வெயிலோடு நகர்ந்து, மத்தியானத்துக்கு மேல் தெருவுக்கே வந்துவிட்டார்கள். அவள் துண்டைப் பிடித்துப் பார்க்கப் பார்க்க, பக்கத்தில் சிவப்புக்காரி சாய்ந்தாள், படுத்தாள், பல்லைக் கடித்தாள். வள்ளிமயில் கண்ணை எடுக்கவில்லை. கோமதி, கோமதி, கோமதி என்று உதடு மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது, சங்கரன்கோவில் கோமதியம்மனைக் கூப்பிட்டாளோ, மகளைக் கூப்பிட்டாளோ, அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

நாலு மணிக்குத் துண்டுகள் தீர்ந்துவிட்டன. சாவு தீரவில்லை. சிவப்புக்காரி வாயைத் திறந்தபடி, மூச்சு உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல், அப்படியே நின்றுபோனாள். போன வருஷம் அந்தக் கொட்டானின் கைப்பிடி அறுந்து, கோமதி அதற்குப் பதில் பிளாஸ்டிக் ஒயர் கட்டியிருந்தாள். அறுந்த பிடியை எங்கே எறிந்தாளோ, கடைசிக் கையளவு அதில் போயிருந்தது.

அப்போது போன் அடித்தது. மதினி பேசினாள். பிள்ளை பாதி வழியில் நிற்கிறதாம், முன்னுக்கும் வரவில்லையாம், கோமதி வாயைத் திறந்தபடி கிடக்கிறாளாம், டாக்டரம்மாவுக்கே ஒன்றும் விளங்கவில்லையாம், கிளம்பி வந்து மகள் முகத்தைப் பார்த்துவிடச் சொன்னாளாம். தெருமுனையில் பஸ் நின்றுகொண்டிருந்தது, ஓடினால் பிடித்துவிடலாம். ஆவுடையப்பன் செருப்பைக்கூட மாட்டிக்கொண்டார். வள்ளிமயில் எழுந்தாள். பஸ்ஸைப் பார்த்தாள், மண்ணில் கிடந்தவளைப் பார்த்தாள். நான் போய்விட்டால் இவள் பாக்கியை அங்கே என் பிள்ளையிடம் தீர்த்துக்கொள்வாள் என்று அவளுக்குத் தெரிந்தது. கால் இரண்டும் மகளிடம் போகத் துடிக்க, அதை மடக்கிப்போட்டு, சூடாகக் கிடந்த தெருமண்ணில் உட்கார்ந்து, அந்தச் சிவப்புத் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

மடியில் அது ஒரு மடித்த புடவை கனம்தான் இருந்தது. குனிந்து முகத்தைப் பார்த்தாள். சுருள் இல்லாமல், வெளிச்சம் பிடிக்காமல், நேராகப் பார்த்தாள். நின்றிருந்த மூச்சு அசைந்தது. அதற்கப்புறம் நடந்ததை எந்தக் கேமராவும் எடுத்ததில்லை. சினிமாச் சாவு மாதிரித் தலை சாய்ந்து முடிகிற சாவு இல்லை அது. வெகுநேரம் எடுத்தது, வியர்த்தது, அலறினது, அவள் கையைப் பிடித்து நெரித்தது. வள்ளிமயில் எல்லாவற்றையும் பார்த்தாள். நடுவில் ஒரு நேரம், சிவப்புக்காரி கண்ணைத் திறந்து, அவர் வந்துட்டாரா என்று கேட்காமல், அதுவரை பேசாத ஒன்றைப் பேசினாள்.

"என் பேரு என்ன?"

காலையிலிருந்து உதட்டில் நின்ற பேர் குரலாக வெளியே வரப் பார்த்தது. கோ என்று வாய் குவிந்துவிட்டது. வள்ளிமயில் நாக்கைக் கடித்தாள், ரத்தம் உப்புக் கரித்தது. பேர் இல்லாமல் அனுப்பவும் முடியாது, இருக்கிற பேரில் எதைக் கொடுத்தாலும் கொடுத்ததுதான், திரும்பி வராது என்று அவளுக்கு அந்த ஒரு நொடியில் விளங்கிவிட்டது. கையில் தன்னுடையது என்று வேறு என்ன இருக்கிறது என்று பார்த்தாள்.

"வள்ளிமயிலு," என்றாள். "ஒம் பேரு வள்ளிமயிலு."

சிவப்புக்காரி அதை ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். சொல்லி முடிக்கும்போது மூச்சு வெளியே போய்விட்டது.

மதினி அந்த நேரம் பிரசவ அறை வாசலில் இருந்தாள். உள்ளே கோமதி, யாரோ என் கையப் பிடிச்சிருந்தாவ, இப்ப விட்டுட்டாவ என்று தெளிவாகச் சொன்னது காதில் விழுந்ததாம். அடுத்து விழுந்தது பிள்ளை அழுகிற சத்தம். பொம்பளைப்பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம்.

மற்றவர்களைப் போலச் சிவப்புக்காரி மறைந்துபோகவில்லை. தெருவில் உடம்பாகவே கிடந்தாள். பேர் தெரிந்த சாவு என்பதால் எடுத்துத்தான் ஆகவேண்டும் என்றார் பூசாரி. வெளிச்சம் இருக்கும்போதே ஊர் கூடி, குளிப்பாட்டி, பூ வைத்து, நாலு பேர் தூக்கினார்கள். இரண்டு பேரே போதும் என்கிற அளவுக்குத்தான் கனம் இருந்ததாம். சுடுகாட்டில் பேர் கேட்டபோது ஆவுடையப்பன் பெண்சாதி பேரைச் சொன்னார், சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பேர் அன்றோடு கோமதியின் அம்மையிடமிருந்து போய்விட்டது. போனது தெரியாமல் மறுவாரம் பக்கத்துவீட்டுக்காரி வேலிக்கு மேலே பழைய பழக்கத்தில் கூப்பிட்டாள். அடுப்படியில் இருந்த இவள் வாயைத் திறக்குமுன், சுடுகாட்டுப் பாதையிலிருந்து, வந்துட்டேன் என்று ஒரு குரல் கேட்டது. பட்டப்பகல். இன்னொரு தரம் ரேஷன் கடையில் அட்டையைப் பார்த்து வாசித்துவிட்டார்கள். வரிசையில் கடைசியாக ஒரு சிவப்புப் புடவை வந்து நின்றது, வயிற்றில் ஒரு கையோடு. கடைக்காரர் அன்றைக்கு மூடினவர் மூன்று நாள் திறக்கவில்லை. அதற்கப்புறம் அந்த ஊரில் யாரும் அந்தப் பேரை வாயில் எடுப்பதில்லை, பிள்ளைகளுக்கு வைப்பதுமில்லை. அவள் இருக்கிறாள், நன்றாகத்தான் இருக்கிறாள், பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு கோயிலுக்கு வருகிறாள். ஆனால் பின்னால் காலடி கேட்டால் நின்றுவிடுவாளாம், கூப்பிட்டுவிடுவார்களோ என்று.

இந்தக் கதையில் நான் அந்தப் பேரைச் சொன்னதுகூட அது அவளிடம் இருந்த காலத்துக்கு மட்டும்தான், அதையும் மாரியிடம் கேட்டுக்கொண்டுதான் சொன்னேன். நெட்டூரணிப் பக்கம் என்றைக்காவது போய், நீங்கள் அவளைப் பார்த்தால், கோமதி அம்மா என்று கூப்பிடுங்கள்.